இரண்டாவது ஆட்டக்காரன்

மதியம் இரண்டே முக்கால் மணி. ஊருக்கு வெளியே, மூடிப்போன ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் போகிற சாலை. கண்ணைப் பறிக்கிற வெயில்... ஒரு நாய்கூட இல்லை.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணி ஷிஃப்டுக்குத்தான் வர வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? இது பட்டப்பகலில் நடந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஓரத்தில் இருக்கிறவர் அந்தச் சிரிப்பை நிறுத்தினால் ஆரம்பித்துவிடலாம்.

என் நண்பன் மரவேலை செய்கிறவன். அவனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது இது. அவன் அவரை மாமா என்பான், நானும் அப்படியே சொல்கிறேன். லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்து மூன்று. ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு முள்... நாற்பது வருடமாக.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். ஒன்பது வயதில் லாரி மோதிப் போய்விட்டான். அன்று அண்ணனும் தம்பியும் கடைத்தெருவில் இருந்த வீடியோ கேம் கடைக்குப் போயிருந்தார்கள். சின்னவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான், ரோட்டைக் கடந்தான், லாரி வந்துவிட்டது... வீட்டில் மாமா சொன்னது இவ்வளவுதான். அவருக்கு அப்போது பதிமூன்று வயது.

நடந்தது அது இல்லை.

"அண்ணா, தலை வலிக்குது, வீட்டுக்குப் போலாம்" என்று அந்தப் பையன் மூன்று தடவை சட்டையைப் பிடித்து இழுத்தான். மூன்று தடவையும் இவர், "கொஞ்சம் இருடா, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றார். நாலாவது தடவை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வேணும்னா நீ போ" என்றார். அவன் போய்விட்டான். இதை மாமா அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. செத்துப்போன குழந்தையின் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொண்டார். அவருடைய அம்மாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பின்னால் சொன்னாராம். கேட்காததுதான் அவரை அரித்தது.

போன வருடம் ஒரு பழைய சாமான் கிடங்குக்கு லிஃப்ட் மோட்டார் தேடிப் போனார். மூலையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு ஒரு கேம் பெட்டி. முன்பக்கம் முழுக்கச் சீட்டுக்கட்டுப் படம். கையைப் பக்கவாட்டில் வைத்தார். தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நாற்பது வருடம் கனவில் பார்த்த பெட்டி தெரியாமல் போகுமா?

"சார், இது ஓடாது. வாங்கிட்டுப் போய் கோழிக்கூடு வேணா பண்ணலாம்" என்றான் கிடங்குக்காரன்.

செருப்பு வாங்கினால் அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர் மாமா. அன்று கேட்டதைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏற்றினார். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அம்மா பார்த்துவிடுவாரே. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் அவருக்கு ஒரு ஷட்டர் போட்ட ஷெட் உண்டு, சாமான் போட்டு வைக்க. அங்கேதான் இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் அவரும் நண்பனும் போவார்கள். கரையான் அரித்த பலகையை மாற்றுவது நண்பன் வேலை, மின்சாரம் மாமா வேலை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஓர் ஆட்டத்துக்குக் கூட்டம் குறைந்தால் கடைக்காரர்கள் பெட்டியைத் தூக்கிப் போட மாட்டார்கள். உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டைக் கழற்றிவிட்டு வேறு ஆட்டத்தின் போர்டைப் போடுவார்கள், மேலே புதுப் படம் ஒட்டுவார்கள். அந்தப் பெட்டியில் முதலில் இருந்தது இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். இரண்டு போர்வீரர்கள், ஒருவன் சிவப்பு, ஒருவன் நீலம். பிறகு அதை ஒருவர் மட்டும் ஆடுகிற சீட்டாட்டமாக மாற்றிவிட்டார்கள். இரண்டாவது ஆள் பிடிக்கிற ஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையின் மேல் ஒரு தகரத்தை அடித்து மூடிவிட்டார்கள்.

சீட்டுப் படத்தை உரித்தார்கள். கீழே பெயின்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். நண்பன் உளி வைத்து அந்தத் தகரத்தை நெம்பினான். குப்பென்று ஒரு வாசனை. துரு வாசனை இல்லை... பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்த பிள்ளைகளின் உள்ளங்கை வியர்வை, காசு வாசனை கலந்து. ஓட்டைக்குப் பக்கத்தில் காம்பஸ் முனையால் ஓர் எழுத்து கீறியிருந்தது. நண்பன் வாய்விட்டுப் படித்தான். தம்பி பெயரின் முதல் எழுத்து. மாமா வெளியே போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

நல்லவேளை, பழைய போர்டு பெட்டியின் அடியிலேயே செய்தித்தாளில் சுற்றிக் கிடந்தது. அதைத் துடைத்து மாட்டி, முதல் ஸ்டிக்குக்கு மட்டும் ஒயர் கொடுத்தார். இரண்டாவது ஸ்டிக் பட்டனோடு சேர்த்துப் புதிதாக வாங்கியது. அதை ஓட்டையில் செருகி வைத்ததோடு சரி. சுவிட்சைப் போட்டார். தூசி கருகுகிற வாசனை... ஊசி மாதிரி ஒரு சத்தம்... படம் வந்துவிட்டது.

மாமா சின்னப் பையனாகிவிட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடினாராம். சிவப்பு வீரன் நாலு பேரை வீழ்த்தியிருப்பான். டிக்... டிக்... என்று பக்கத்தில் பட்டன் சத்தம். திரையின் இடது ஓரத்தில் நீல வீரன் வந்து நின்றான்.

"மாமா, ரெண்டாவது ஸ்டிக்குக்கு இன்னும் ஒயரே குடுக்கலையே?"

"எங்கேயோ கரண்ட் லீக்கேஜ் ஆவுது மாப்ள. பார்த்துக்கலாம்."

மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு தேடினார். எத்தனை லிஃப்டில் எத்தனை கோளாறைக் கண்டுபிடித்த கை அது! ஒன்றும் அகப்படவில்லை. மூன்று மணி சுமாருக்கு நீல வீரன் வருவான். சண்டை போட மாட்டான். இடது ஓரத்தில், வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நிற்பான். அந்த ஆட்டத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நகர்ந்தால்தான் காட்சி நகரும். ஒருவன் நின்றுவிட்டால் மற்றவனும் போக முடியாது.

நாலாவது வாரம் மாமா மல்டிமீட்டரை எடுக்கவே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆடினார். அவருக்கு எப்போதோ புரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டம் ஆட்டம்தான் பாருங்கள்... கட்டம் முடிய இரண்டே அடி. சிவப்பு வீரன் எம்பி எம்பிக் குதிக்கிறான். நீலம் நகரவில்லை. டிக். டிக். டிக். மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தன்னை மறந்து சொன்னார்:

"கொஞ்சம் இருடா... இந்த ஆட்டம் முடியட்டும்."

சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

திரையில் நீல வீரன் மெதுவாக நடந்தான். இடது பக்கம். அந்த ஆட்டத்தில் அந்தப் பக்கம் போகவே முடியாது, வழி கிடையாது. அவன் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டான். அடுத்த நொடி வெளியே சாலையில்... கிரீச்சென்று பிரேக் சத்தம்.

இரண்டு பேரும் ஓடினார்கள். லாரி இல்லை. டயர் தடம்கூட இல்லை. ரப்பர் கருகிய வாசனை மட்டும். மாமா நடுரோட்டில் உட்கார்ந்து, "போகாதடா, நான் வரேன்டா, நானும் வரேன்டா" என்று அழுத அழுகையை நண்பன் என்னிடம் சொல்லும்போது அவனால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. கொஞ்சம் இருங்கள்.

... நண்பன் அவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்து வீட்டுக்கு ஓட்டினான். அன்றிருந்த அதே வீடுதான். முன்னறையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். மாமா போய் அவர் காலடியில் விழுந்தார். நண்பன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"அம்மா, அவன் சொல்லாம ஓடலம்மா. தலை வலிக்குது, போலாம்னு கெஞ்சினான். நான்தாம்மா... நான்தான் நீ போன்னு சொன்னேன்."

அம்மா மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து முடித்தார்.

"தெரியும்" என்றார். "அன்னைக்கே சொல்லிட்டான்."

மாமா நிமிர்ந்து பார்த்தார்.

"மூணரை மணிக்கு வந்தான். அண்ணன் எங்கேடான்னு கேட்டேன். ஆட்டத்துல இருக்கான், நான் கேட்டுட்டுத்தாம்மா வந்தேன்னான். தண்ணி வேணும்னான். எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம். வாசல்ல நாலு பேர் ஓடி வந்து நின்னாங்க." அம்மா அடுத்த துணியை எடுத்தார். "லாரி அடிச்சது மூணு மணிக்காம்."

"ஏம்மா... இத்தனை வருஷமா ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீயும் சின்னப் பையன்தானேடா அப்போ? ஒருத்தனைப் பறிகொடுத்துட்டேன். சொன்னா இன்னொருத்தனும் போயிடுவியோன்னு பயம்."

மாமா அம்மா மடியில் முகம் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அம்மா அவர் தலையைத் தடவிக்கொண்டே வாசலைப் பார்த்தார்.

"வாடா கண்ணு, உள்ளே வா. அதான் அண்ணன் வந்துட்டானே."

தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நண்பன் காலை எடுத்து வைத்தான்.

"நீ இல்ல தம்பி" என்றார் அம்மா. "வழியில நிக்கிற பாரு. கொஞ்சம் தள்ளிக்கோ."

அவன் தள்ளி நின்றான்.