நான்கு தடவை லண்டன் போன கோட்டு

ஆயர் ஈத்தாம் புறநகரிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மாள், பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்த மழைக்கோட்டைப் பக்கத்திலிருந்த இளம்பெண்ணின் மடிக்குத் தள்ளினார்.

“இந்தக் கோட்டு நாலு தடவ லண்டன் போயிட்டு வந்துருச்சு. நான் ஒரு தடவகூட போகல.”

அந்தப் பெண் சிரிக்கப் பார்த்தாள். அம்மாள் சிரிக்கவில்லை.

“ஜீன்ஸ் வேணாம், நனைஞ்சா ரெண்டு நாளைக்குக் காயாது. மெல்லிசா மூணு சட்ட போடு, வெயிலடிச்சா ஒண்ணொண்ணா கழட்டிக்கலாம். குடைய நம்பாத லா, காத்துல திரும்பிக்கும்.”

“போகாமலே எப்படி ஆண்ட்டி இவ்ளோ தெரியுது?”

“லண்டன்ல இருக்குற என் மகன் வாட்ஸ்அப்ல அனுப்புன லிஸ்ட்டு. அடுத்த மாசம் டிக்கெட் போடுறேன், எல்லாம் ரெடி பண்ணி வைங்கம்மான்னான். மூணு வருசமாச்சு. இப்ப நம்ம ஃப்ளாட்டுல யாரு லண்டன் போனாலும் கோட்டுக்கு என் வீட்டுக்குத்தான் வர்றாங்க.”

“அண்ணனுக்கு லீவு கெடைக்கலயோ என்னவோ.”

“கெடைக்குது. ஸ்பெயினுக்குப் போன போட்டோ எல்லாம் போட்டிருந்தான், பாத்தேன்.”

பெண் மணியை அழுத்திவிட்டுப் பையோடு எழுந்தாள். “அங்க அண்ணனப் பாத்தா ஏதாச்சும் சொல்லணுமா ஆண்ட்டி?”

“ஒண்ணும் சொல்லாத. இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு அவன் முன்னால போயி நில்லு. கலரு பாத்துச் சொன்னதே அவன்தான். அடையாளம் தெரியுதான்னு பாரு.”