கையெழுத்துக்குக் காத்திருக்கும் மூன்று விளக்கங்கள்

இயற்பியல் துறையின் ஏந்தலே! எண்களை ஏவல் கொண்ட எழிலரசே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்களை வழிநடத்திய தலைவரே! உங்கள் பணிநிறைவு நாளில் வணங்குகிறோம். வணங்கிக்கொண்டே கோபப்படுகிறோம். பொறுத்தருள வேண்டாம், கேட்டருளினால் போதும்.

காலம் தவறாத கடமையாளரே! ஒன்பது மணி வகுப்புக்கு எட்டு ஐம்பதுக்கே வந்து கரும்பலகையைத் துடைத்து வைப்பவர் நீங்கள். குவாண்டம் கணக்குகள் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தசமப் புள்ளி பிசகாமல் விடை வரும். அந்த விடைக்கு என்ன பொருள் என்று கேட்டால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிப்பீர்கள். இந்தப் பக்கம் அணு, அந்தப் பக்கம் மேசை. இதற்கு ஒரு சட்டம், அதற்கு ஒரு சட்டம். மேசையும் அணுக்களால் ஆனதுதானே, கோடு எந்த இடத்தில் விழுகிறது என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "நான் சாக்பீஸ்ல போட்ட எடத்துலதாம்மா. மார்க் வராத கேள்வியெல்லாம் எதுக்கு?" என்றீர்கள். வகுப்பே சிரித்தது. அன்று வகுப்பைக் கவனிக்க வந்து பின்வரிசையில் இருந்த நாங்களும் சிரித்தோம். இன்று அதற்கு வெட்கப்படுகிறோம்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. உங்களிடமே ஆய்வுக்குச் சேர்ந்தாள். அளக்கும்போதுதான் துகளுக்கு ஒரு நிலை வாய்க்கிறது என்பவர்கள், எல்லா விளைவுகளும் வெவ்வேறு உலகங்களில் நடந்தேறுகின்றன என்பவர்கள், துகளுக்கு என்றும் ஒரு பாதை உண்டு, அலை அதை வழிநடத்துகிறது என்பவர்கள்: இந்த மூன்று தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி நான்கு ஆண்டுகள் நியாயம் கேட்டாள். ஆய்வேட்டை உங்களிடம் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எப்போது கேட்டாலும், "இன்னும் பிரிக்கவே இல்லம்மா, பாக்கலாம்" என்பதே பதில். அவளுடைய பதிவுக்காலம் இன்றோடு முடிகிறது. உங்கள் கையெழுத்து இல்லையென்றால் ஆறு ஆண்டும் விழலுக்கு இறைத்த நீர்.

சென்ற வாரம் பொறுப்பை ஒப்படைப்பதற்காக உங்கள் பீரோவைத் திறக்கச் சொன்னீர்கள். அடித்தட்டில் ஆய்வேடு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் உங்கள் பென்சில் எழுத்து. கடைசிப் பக்கத்தில், ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய தேதியிட்டு எழுதியிருந்தீர்கள்: "இவள் சொல்வது சரி. நான் முப்பது வருடமாகக் கேட்கப் பயந்த கேள்வி."

ஐயா, படிக்காமல் போட்டிருந்தால் சோம்பல் என்று விட்டிருப்போம். படித்தீர்கள், ஒப்புக்கொண்டீர்கள், பிறகு பூட்டி வைத்தீர்கள். வயிறு எரிகிறது எங்களுக்கு. துகளின் கதை எப்படியோ, நாங்கள் திறந்து பார்ப்பதற்கு முன்பே இந்த ஆய்வேடு படிக்கப்பட்டுத்தான் இருந்தது. இதற்கு மூன்று விளக்கங்கள் கிடையாது.

நோயின்றி, நொடியின்றி, நூறாண்டு நீங்கள் வாழ வேண்டும். வாழ்த்தில் நாங்கள் கஞ்சத்தனம் காட்டமாட்டோம். ஆனால் மாலை ஐந்து மணி வரை துறைத் தலைவர் நீங்கள்தான். ஆய்வேடு உங்கள் முன்னால் மேசைமேல் இருக்கிறது, பக்கத்தில் பேனாவும் இருக்கிறது. அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் கையெழுத்திடும் வரை இந்த அரங்கில் ஒருவரும் கைதட்டப் போவதில்லை.

கோபமும் அன்பும் மாறாத,
துறை ஆசிரியர்கள், ஆய்வக ஊழியர்கள்
மாலை நான்கு மணி பத்து நிமிடம்