வீடு பாக்க வந்தவன் த்ரீவீல்ல

...அதெப்பிடி ட்ரைவர் நானா, வீடு வாங்கப் போறவன் நானு, என்னைய த்ரீவீல்லயே உக்கார வச்சிட்டு எம் பொண்டாட்டியும் அவ தம்பியும் மேல வீட்டுக்கு ஏறிப் போயிட்டாங்க? அவ சொன்னத நீங்களும் கேட்டீங்கதான. "எறங்கக் கூடாது, வீட்டுக்கார அம்மாகிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது." விடியக்காலையில எஹலியகொடயில பஸ் ஏறி, ரத்னபுரியில வேற பஸ் மாறி, கொடகவெல டவுன்ல ஒங்க வண்டியப் புடிச்சி வந்தது இந்தப் பலா மரத்தயும் ஒங்க முதுகயும் பாக்கவா?

இல்ல இல்ல, ஒங்கள ஒன்னும் சொல்லல. நீங்க பேப்பர் பாருங்க. நான் சும்மா... காதுல விழுந்தா விழட்டும்.

காத்தமுத்துன்னா எங்க தோட்டத்துல தெரியாத ஆளு கெடையாது. ரப்பர் மல கங்காணி. எத்தன தொரைமாரோட பேசுன வாயி இது. ரிட்டயர் ஆயிட்டேன், சரி. அதுக்காக வாயும் ரிட்டயர் ஆவணுமா? வெள்ளையம்மா, அதான் இப்ப மேல போன எங்க பொம்பள, அவ ஆவணும்ங்கிறா.

வீடு வாங்குறதே அவ ஆசதான் நானா. நாங்க தோட்டத்து லயத்துல, வரிசக் காம்பராவுல பொறந்து, லயத்துலயே கல்யாணம் முடிச்சி, லயத்துலயே புள்ளைகளப் பெத்து வளத்து கட்டிக் குடுத்தவங்க. இந்தக் காம்பராவுல தும்முனா அடுத்த காம்பராவுல இருந்து நூறு வயசுன்னு வாழ்த்துவாங்க. "எனக்குன்னு ஒரு குசினியில நின்னு சோறாக்கணும்ங்க, அது ஒன்னு போதும்"ன்னு கேட்டா. இத்தன வருசத்துல அவ என்கிட்ட வாய் தொறந்து கேட்டது அது ஒன்னுதான். அத நான் செஞ்சி குடுக்க வேணாமா?

ஆனா லயத்துக்காரனுக்கு வீடு பாக்கத் தெரியுமா, சொல்லுங்க. தகரம் பறந்தா ஆபீஸ்ல சொல்லுவோம், ஒழுகுனா தொரைகிட்ட சொல்லுவோம், செவுரு விழுந்தா அது தோட்டத்துச் செவுரு, நமக்கென்ன. சொந்தமா ஒரு பழைய வீட்ட வாங்குறப்ப எங்க தட்டணும், எத மோந்து பாக்கணும்னு எவன் சொல்லித் தந்தான்? அதுனாலதான் ஆள் வச்சிப் பாத்தேன். அதுல என்ன தப்பு?

இப்ப பாக்க வந்த இந்த வீடில்ல, மொதல்ல பாத்த வீடு. எஹலியகொடயில பாக்கியநாதன் ஐயா வீடு. தோட்டத்து டிஸ்பென்சரியில மருந்து கலந்து குடுத்த மனுசன். பொண்டாட்டி செத்துப் போச்சு, நீர்கொழும்புல மக கூட இருக்கப் போறாரு. பழைய ஓட்டு வீடு. வெள்ளையம்மா நேரா குசினிக்குப் போனா. அடுப்பு வைக்கிற எடத்துல கைய வச்சா. வெளிய வரவே இல்ல. இதையே எடுப்போம்னா. நான்தான், பொறு புள்ள, பழைய வீடு, நல்லா சோதிச்சிப் பாத்துட்டு எடுப்போம்னேன்.

மொதல்ல நல்ல அட மழையாப் பாத்துப் போனேன். ரத்னபுரிப் பக்கத்து மழைக்கு ஒழுகாத ஓடு வேற எந்த மழைக்கும் ஒழுகாதுதான? முன் ஸ்தோப்புத் திண்ணையில இருந்து குசினி வரைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நடந்து, கதவு நெலையில மண்டய இடிச்சிக்கிட்டதுதான் மிச்சம். பெரிசா ஒழுகல. பெறகு வீடு கட்டுற மேஸ்திரி சுனில் பாஸ கூட்டிப் போனேன். அவரு ஏணி வச்சி ஏறி, கூரை வளைமரத்த ஒன்னொன்னா சுத்தியலால தட்டி காத வச்சிக் கேட்டாரு. டொக்குன்னா நல்ல மரம், தொப்புன்னா கறையான். "ஹொந்தாய், ஹொந்தாய்"னு, நல்லாருக்குன்னு சிங்களத்துல சொல்லிக்கிட்டே வந்தவரு, குசினி பின்செவுத்துல வெடிப்பக் கண்டு நின்னுட்டாரு. மேல இருக்கிறத நான் பாக்கலாம், அடியில இருக்கிற மண்ண யாரு பாக்குறதுன்னாரு. நாயமான கேள்விதான? நம்ம பக்கம் எந்த வீட்டுக்கு அடியில எவன் எந்தக் காலத்துல மாணிக்கக்குழி வெட்டி சொரங்கம் போட்டான்னு யாருக்குத் தெரியும். நேத்து நின்ன மாட்டுக் கொட்டிலு இன்னிக்கிக் காணாமப் போற ஊரு.

அதுக்குத்தான் இந்திரகுமார கூப்புட்டது. இப்ப மேல போனானே, இவ தம்பி, அவந்தான். மாணிக்கக் கல்லுக்குழியில வேல செய்றவன். காலால ரெண்டு மிதி மிதிச்சிப் பாத்துட்டுப் போயிருக்கலாம்தான? மண் அலசுற கூடையத் தூக்கிக்கிட்டு வந்துட்டான். குசினிச் செவுத்தோரமா முழங்கால் ஆழத்துக்கு வெட்டுறான், மண்ண அள்ளுறான், பின்னால ஓடையில எறங்கி அலசுறான். என்னடான்னா, அலசுனாத்தான் மச்சான் மண்ணு உண்மையச் சொல்லும்ங்கிறான். மண்ணு பேசலாம், நான் பேசக் கூடாது! அலசி முடிச்சி வந்து, "கெட்டி மண்ணு, சொரங்கம் ஒன்னும் இல்ல, வெறும் பூச்சு வெடிப்பு, கண்ண மூடிக்கிட்டு எடு அக்கா"ன்னான். வெள்ளையம்மா மொகத்தப் பாக்கணுமே... கல்யாணத்தன்னிக்கிக் கூட அப்பிடி இல்ல.

பெறகு நாளப் பாத்து பேச்ச முடிக்கப் போறோம், பாக்கியநாதன் ஐயா வீடு விக்கலங்கிறாரு.

ஏன்னு கேக்குறீங்களா? அதத்தான் நானும் கேட்டேன். நீர்கொழும்புக்குக் கட்டுன சாமான எல்லாம் அவுத்து மறுபடி அடுக்கிட்டாரு. இந்திரகுமார் கொண்டு வந்த கூடைதான் காரணம்னு அவன நான் ஏசாத ஏச்சு இல்ல. ரத்னபுரி ஜில்லாவுல ஒருத்தன் வீட்டு மண்ண இன்னொருத்தன் கூடயில போட்டு அலசுனா, வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்? சுனில் பாஸும் குத்தவாளிதான், அவரு மண்ணு பேச்ச எடுக்காட்டி இது ஒன்னும் இல்ல. பாக்கியநாதன் ஐயா மட்டும் என்ன, ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போற மனுசன், இந்த வயசுல கல்லு ஆச எதுக்கு?

என்ன, திரும்பிப் பாக்குறீங்க? நான் ஏதாவது சொன்னனாங்கிறீங்களா?

நான் ஒன்னும் சொல்லல... இவன் ஓடையில நின்ன நேரம் ஐயா எனக்கு ப்ளேன்டீ ஊத்திக் குடுத்தாரு. மூஞ்சி வாடிக் கெடந்திச்சு, பாவம், பொண்டாட்டியோட வாழ்ந்த வீட்ட விட்டுப் போறாருதான. ஒரு நல்ல வார்த்த சொல்லுவோம்னுதான்... "ஐயா, ஒங்க மண்ணு லேசுப்பட்ட மண்ணு இல்லங்க, மச்சான் அலசுற அலசப் பாத்தா அடியில கல்லு இருக்கும் போலதான் இருக்கு"ன்னேன். ஒரு பேச்சுக்கு நானா. டீ குடிக்கிறப்ப மனுசன் வாய சும்மாவா வச்சிருப்பான்? அவரு அத நம்புவாருன்னு நான் கண்டனா?

ஐயா ஆள் வச்சி குசினிக்குள்ளயே வெட்டிட்டாரு. வெள்ளையம்மா கைய வச்சாளே, அந்த எடம் இப்ப கெணறு கணக்கா இருக்கு. கூழாங்கல்லத் தவிர ஒன்னும் கெடைக்கல. பின்செவுரு சாஞ்சி விழுந்திருச்சு. நான் போனப்ப ஐயா குழி ஓரத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு. என்னைய ஏசல. "இன்னும் கொஞ்சம் கீழ போனா இருக்குமா காத்தமுத்து?"ன்னு கேக்குறாரு. என் வாழ்க்கையில பதில் சொல்லாம திரும்பி வந்தது அன்னிக்குத்தான்.

வெள்ளையம்மாவும் ஏசல. ஏசியிருந்தா நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன், ரெண்டு பேருக்கும் ஆறியிருக்கும். சோத்தப் போட்டு முன்னால வச்சிட்டு அங்கிட்டுப் போயிருவா. எனக்குத்தான் நானா தாங்க முடியல...

அந்தா, வேலியோரமா வந்து கையக் காட்டுறா. இருங்க, எறங்குறேன்... என்னைய இல்லயா? ஒங்களயா? கூரையில ஏறிப் பாக்க ஒரு ஆளு வேணுமாமா? த்ரீவீல்காரர கூப்புடுறா, புருசன கூப்புடல. சரி சரி, போங்க. வளைமரத்த நல்லாத் தட்டிப் பாருங்க. டொக்குன்னா... வேணாம், என்கிட்ட சொல்லாதீங்க. நல்லா இருந்தாலும் அவகிட்டயே சொல்லுங்க, கெட்டுப் போயிருந்தாலும் அவகிட்டயே சொல்லுங்க.

போயிட்டாரு. பேப்பரையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு மனுசன்.

...ஆங், வணக்கம்ங்க. நீங்கதான் வீட்டுக்கார அம்மாவா? லூர்தம்மாங்களா. டீ எதுக்குங்க, இவ்வளவு தூரம் தூக்கிக்கிட்டு எறங்கி வந்து...

ஆமாங்க.

இல்லங்க.

எஹலியகொடங்க.

அவரு ஏன் செவுத்தோரமா தோண்டுறாருன்னா... அது வந்துங்க, எங்க மச்சான் வந்து...

தெரியாதுங்க.

கல்லுங்களா? நம்மளுக்கு அதப் பத்தி ஒன்னும் தெரியாதுங்க. டீ நல்லா இருக்குங்க.

எங்க பொம்பளயா? ஒங்ககிட்ட வெளக்குமாறு கேட்டாளா? குசினியக் கூட்டுறாளா? இன்னும் வாங்காத வீட்டயா...

இல்லங்க, அழுவல. டீ சூடுங்க. எதுன்னாலும் அவகிட்டயே பேசிக்கோங்கம்மா. நான் சும்மா கூட வந்தவங்க.