தொலைந்த விரலசைவைக் கண்டெடுத்த தரச்சோதகர் அவர்களுக்கு

தங்கள் பணிநிறைவு விழா. மேடையின் நடு நாற்காலியில் தாங்கள். வலப்பக்கம் தங்கள் கணவர். அவர் மடியைவிட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் தங்கள் பேத்தி. இடப்பக்கம் நம் மேலாளர். முன்வரிசையில் ஒளிப்பதிவாளர் மூவரும் ஒலிப்பதிவாளரும். அடுத்த வரிசையில் வரைகலைப் பிரிவினரும், குளிர்ந்த அறையிலேயே இருந்து பழகிவிட்டதால் மின்விசிறிக்கு நேர்கீழே இடம்பிடித்துக்கொண்ட சர்வர் அறைக்காரர்களும். கடைசி வரிசையில், கதவை ஒட்டினாற்போல், ‘கத்திரி’ என்று நாம் செல்லமாக அழைக்கும் தொகுப்பாளர். எந்த விழாவிலும் முதல் வரிசையை விட்டுக்கொடுக்காத அவர் இன்று கதவோரம் போனதற்குக் காரணம் உண்டு. அதையும் சொல்லத்தான் இம்மடல்.

காட்சிக்குக் காவலாய், கோப்புக்குக் கண்ணாய், இருபத்திரண்டு ஆண்டுகள் இந்நிறுவனத்தின் தரச்சோதகராய்த் திகழ்ந்த பெருமகளே! பிழையைக் காண்பதில் கூர்மையே! பிழைத்தவரைக் காட்டாததில் குளிர்மையே! வியப்பு மேலிட வணங்குகிறோம்!

இணையத்திலும் கைபேசியிலும் ஓடுகிற காணொளிகளை எடுப்பதும், தொகுப்பதும், பலவீனமான சிக்னலிலும் தடையின்றி ஓடும்படி அவற்றைச் சுருக்கி அனுப்புவதும் நம் தொழில். நாங்கள் சுவரளவு திரையில் பார்த்துப் ‘பிரமாதம்’ என்று கைகுலுக்கிக்கொண்டிருக்க, தாங்களோ மூலையில் கீறல் விழுந்த பழைய கைபேசி ஒன்றைக் கையிலெடுத்துக் கீழ்த்தளப் படிக்கட்டுக்கு நடப்பீர்கள். சிக்னல் ஒரு கோடு தெரிந்தால் தெரியும், இல்லாவிட்டால் இல்லை என்னும் அவ்விடமே தங்கள் ஆய்வுக்கூடம். முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் பார்ப்பீர்கள். பிறகு திரையைக் கவிழ்த்துவைத்துக் கேட்பீர்கள். படி துடைக்க வந்த அம்மா ஒருநாள், “யாரோடம்மா சண்டை? தினமும் இங்க வந்து உக்காந்துக்கறீங்களே!” என்று கேட்க, “இந்த சிக்னலோடதான்” என்றீர்கள். அன்று முதல் தாங்கள் எங்களுக்கு ‘மாடிப்படி அக்கா’. அந்தப் பெயர் தங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தது எங்கள் அப்பாவித்தனம்!

ஆறாண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல். காதுகேளாதோர் பள்ளி ஒன்றுக்காக, ‘குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்’ என்னும் பாடத்தை எடுத்து முடித்திருந்தோம். காதுகேளாத தாய்மார்களுக்காக, தாமும் காதுகேளாதவரான அப்பள்ளியின் சைகை ஆசிரியை கைகளால் பேசினார். வீட்டில் காது கேட்கும் உறவினருக்காகப் பின்னணிக் குரலும் சேர்த்தோம். ஐந்து மணிக்குத் தொள்ளாயிரம் தாய்மார்களின் கைபேசிகளுக்கு அது போயாகவேண்டும். கோப்பின் அளவு ஆறு எம்.பி.யைத் தாண்டினால் பாதிப் பேருக்குத் திறக்காது.

கத்திரி அதை ஆறுக்குள் அடக்கிக் காட்டினார். நொடிக்கு இருபத்தைந்து படங்கள் ஓடவேண்டிய இடத்தில், ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்தெறிந்து, பன்னிரண்டே வைத்தார். பேசும் முகங்களுக்கு அவர் காலங்காலமாகச் செய்துவந்ததுதான். ஒருவரும் குறை சொன்னதில்லை. ஒன்பது பேர் கூடிநின்று பார்த்தோம். ‘அரை மாத்திரை’ என்று பின்னணிக் குரல் சொன்னது. காதால் கேட்டதைக் கண்ணால் கண்டதாகவே எண்ணித் தலையாட்டினோம்.

மூன்றரை மணிக்குத் தாங்கள் படியேறி வந்தீர்கள்.

“இங்க பாருங்க. கை இங்க இருக்கு. அடுத்த படத்துல அங்க இருக்கு. நடுவுல எங்க போச்சு?”

“நடுவுல என்னக்கா இருக்கப்போகுது? கை போற வழிதானே!” என்றார் கத்திரி.

“போற வழியில ஏதாவது சொல்றாங்களோ என்னவோ.”

“உங்களுக்குச் சைகை தெரியுமா?”

“தெரியாது.”

“பாஷையே தெரியாம தப்பு கண்டுபிடிக்கிறீங்க பாருங்க, பலே ஆளுக்கா நீங்க!”

அறை முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களின் கையெழுத்துகளும் இம்மடலின் அடியில் உள்ளன.

தாங்கள் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. “எனக்குத் தெரியாதுதான். தெரிஞ்சவங்க வெளியில உக்காந்திருக்காங்களே” என்று சொல்லிவிட்டு, வரவேற்பறையில் காத்திருந்த சைகை ஆசிரியையிடம் கைபேசியை நீட்டினீர்கள். அவர் ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். உடனே தாளொன்றை வாங்கி எழுதினார்: “நான் காட்டியது அரை மாத்திரை. இதில் தெரிவது ஒரு மாத்திரை.”

நிமிர்த்திய விரலை மற்றொரு விரல் கண்ணிமைக்கும் பொழுதில் குறுக்கே வெட்டினால் அரை, வெட்டாவிட்டால் ஒன்று. அந்த வெட்டு, எடுத்தெறிந்த படங்களோடு போய்விட்டிருந்தது!

கத்திரி தாளைப் படித்தார். சற்றுமுன் தாம் சிரித்த சிரிப்பு தம் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். எறிந்த படங்களையெல்லாம் மீட்டுப் போட்டார். கோப்பு பன்னிரண்டு எம்.பி.யாய் வீங்கி நின்றது. மணியோ நாலு பத்து. “முடியாதுக்கா” என்று தலையில் கைவைத்தவரிடம் தாங்கள் கேட்டீர்கள்: “பின்னாடி தொங்குற அந்தத் திரைச்சீலைப் பூவை யாருங்க பாக்கப்போறா?”

ஆசிரியையின் முதுகுக்குப் பின்னே நூறு சிறு பூக்கள்! ஒவ்வொன்றையும் தெளிவாகக் காட்டத்தான் கோப்பின் பாதி செலவாகிக்கொண்டிருந்தது. கத்திரி பூக்களை வெறும் நீலமாக்கினார். பின்னணி இசையை நீக்கினார். விரல்களுக்கு மட்டும் ஒன்றும் குறைக்கவில்லை. ஐந்தே முக்கால் எம்.பி.! தாங்களும் ஆசிரியையும் படிக்கட்டில் தோளோடு தோள் ஒட்டிநின்று பார்த்தீர்கள். ஆசிரியை தம் விரலைத் தாமே குறுக்கே வெட்டிக்காட்டிச் சிரித்தார். பத்தே நிமிடம் பிந்தி, ஐந்து பத்துக்கு அது கிளம்பிப் போயிற்று.

அடுத்த மாதம் பள்ளித் தலைமையாசிரியரிடமிருந்து நன்றிக்கடிதம் வந்தது. அன்று அவர் இங்கு வரவில்லை; பிழை கண்டவரின் பெயர் ஆசிரியைக்கும் தெரியாது; அனுப்புகைச் சீட்டில் ‘திருத்தியவர்: தொகுப்பாளர்’ என்றிருந்ததைப் பார்த்து, பிழையைக் கண்டுபிடித்தவரும் அவரே என எண்ணிப் புகழ்ந்திருந்தார். கத்திரி மறுக்க நினைத்தார். நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் நிர்வாகம் அக்கடிதத்தைச் சட்டமிட்டு அவர் தலைக்குமேல் மாட்டிவிட்டது. ஆறாண்டுகள் அதன் கீழே அமர்ந்திருந்தார். ஆறாண்டுகள் தாங்கள் அதைக் கடந்து நடந்தீர்கள். ஒரேயொரு நாள் நின்றீர்கள். உண்மையைப் போட்டுடைக்கப்போகிறீர்கள் என்று அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, “கொஞ்சம் சாஞ்சிருக்கு” என்று சொல்லி, தங்கள் கையாலேயே நேராக்கிவிட்டுப் போனீர்கள். அம்மம்மா! இந்த மனத்தை அளக்க எங்களிடம் அளவுகோல் ஏது!

இம்மடலின் வரைவைப் பார்த்த மேலாளர், “விழாவுல போய் எதுக்குங்க இது? நாலு நல்ல வார்த்தை போதாதா?” என்றார். கத்திரி எழுந்து நின்று, “இந்தப் பத்தியை எடுத்தா என் கையெழுத்து கிடையாதுங்க” என்றார். தங்கள் எதிரே முதல் வரிசையில் அமர இன்று மட்டும் அவருக்குக் கூச்சம். கதவோரம் அவரே கேட்டுவாங்கிய இடம்.

அன்னையே! இனி எந்தக் கோப்பும் தங்களை அவசரப்படுத்தாத காலைகள் வாய்க்கட்டும்! கண்ணொளி மங்காமல், கால்வலி அண்டாமல், பேத்தியின் பேரப்பிள்ளைகளையும் மடியிலிருத்தும் வயதுவரை நிறைந்து வாழ்க! பாராத எங்களைப் பார்க்கவைத்த தங்களை, நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு படத்திலும் நினைப்போம்!

தங்கள் அன்புக்கு என்றும் உரிய,
காணொளித் தயாரிப்புப் பிரிவினர்
(பதினான்கு கையெழுத்துகள், முதலாவது தொகுப்பாளருடையது)

படி: காதுகேளாதோர் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களுக்கு. சுவரிலிருந்த நன்றிக்கடிதத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, ‘இது எனக்குரியது அன்று’ என்று கீழே எழுதிக் கையொப்பமிட்டு, இம்மடலின் படியோடு ஓர் உறைக்குள் வைத்து, தொகுப்பாளர் தாமே ஒட்டி, இன்று காலைப் பதிவுத்தபாலில் சேர்த்துவிட்டார்.