பைப்புக்கு ஒரு மூடுவிழா

மரண அறிவித்தல்! எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்துப் பைப்பில் நெடுங்காலமாக ஒழுகி, ஊரார் உறக்கத்தை ஒருசேரக் கெடுத்துவந்த திருவாளர் சொட்டுநீர் அவர்கள் இன்று காலை ஒரேயடியாக நின்றுபோனார். இவ்வறிவித்தலை வாளிகள், குடங்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

கிடைத்த கதிரையை விட்டு அசையாத எங்கள் தலைவர் கிருஷ்ணராஜ் அண்ணன் அவர்களே! முழங்கால் வலியோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஒரே ஒருவரைப் பைப் தொழில் பழக்க எடுப்பதற்காகப் பதுளையிலிருந்து வந்திருக்கும் பைப் பாஸ் இப்றாஹீம் நானா அவர்களே! வணக்கம், ஸலாம்!

நானா, நீங்கள் தேடிவந்த ஆள் நான்தான். இனி நிம்மதியாக டீ குடிக்கலாம். என்ன, டீ இன்னும் வரவில்லையா? வரும், வரும்.

அந்தப் பைப்பை ஒருவர் மாலையோடு திறந்தார். இன்னொருவர் மேளத்தோடு திறந்தார். மற்றொருவர் ரிப்பன் வெட்டிவிட்டு, போத்தல் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இத்தனை திறப்புவிழா கண்ட பைப்புக்கு ஒரு வாஷர் கிடைத்ததா? திறக்கத் தெரிந்த தேசத்திலே மூடத் தெரிந்தவன் எங்கே? இதோ! மூடுவிழா நடத்திய முதல் மகன் உங்கள் முன்னே நிற்கிறேன்!

பரீட்சை எழுதிவிட்டு லயத்து வாசலில் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அவன் படித்த பிள்ளை. ஸ்பேனரைத் தூக்கினால், "ஐயோ, கெட்டுப் போயிட்டானே!" பைப் வெடிக்கிற அன்றைக்கு மட்டும் அந்தக் கெட்டுப்போனவனை, "தம்பி, தங்கம்" என்று தேடுகிறோம்! கழுத்தில் டை இறுகினால் கௌரவம், நட்டு இறுகினால் கேவலமா?

அம்மாவிடம் சொன்னேன்: "பைப் வேலை பழகப் போறேம்மா."

"இத்தன நாளா ஊருக்கே தண்ணி காட்டுனது போதாதாடா?"

"இனிமே சம்பளத்துக்குக் காட்டுறேம்மா!"

"அந்தப் பாஸ் நானா ஒன்ன எடுக்கலைன்னா திங்கக்கெழம கொழும்புல மாமா கடைக்குப் போயிரணும், சொல்லிட்டேன்."

முறைக்காதீங்கம்மா, மைக் முன்னால நிக்கிறேன்.

எனக்குப் போட்டியாக மேல் லயத்து மதுஷாவும் பெயர் கொடுத்திருக்கிறாள். "பொம்பளப் புள்ளைக்கு என்ன பைப்பு வேலை?" என்று தலைவர் சிரித்தார், நானும் கூடச் சிரித்தேன். இன்று காலை பைப்படியில் அவள் சொன்னாள்: "டேய், வாஷர மாத்துனாப் போதும். மேல வால்வுல கை வைக்காத!" "போடி, பெரிய பாஸம்மா!" என்றேன். வீரனுக்கு எதற்கு வாஷர்?

ஆகவே, பெருமக்களே! வேலை தேடி ஊரைவிட்டு ஓடும் இளைஞனே, நில்! கடைக்குக் கடை ஏறி இறங்கும் காலே, நில்! கையிலே தொழில் இருந்தால் கதவைத் தட்டுவது நீயல்ல, வேலை! மலையிலே ஊறும் தண்ணீரை மலையகத்தான் குடிக்க, மலையிலேயே ஒரு பாஸ் பிறக்க வேண்டாமா? பிறந்துவிட்டான்! அவன்தான்...

என்ன ஜெயலெட்சுமி அக்கா?

"தம்பி, பேச்ச நிறுத்து! டீக்கு வைக்கத் தண்ணி இல்ல. எந்த லயத்துப் பைப்பத் தொறந்தாலும் காத்துதான் வருது!"

பெருமக்களே... திருவாளர் சொட்டுநீர் தனியாகப் போகவில்லை. தோட்டத்துத் தண்ணீர் முழுவதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஸ்பிரிங்வெளி: பெயரில் ஊற்று, பைப்பில் காற்று.

நான் வாஷரைத் தொடவே இல்லை. அது பைப்புக்குள்ளே எங்கே இருக்கும் என்றும் தெரியாது. மேலே போய் மெயின் வால்வை இறுக்கினேன். நன்றாக இறுகியது. பிறகு திறக்கப் பார்த்தேன், கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இதோ, என் காற்சட்டைப் பையில் இருக்கிறது.

நானா, நீங்கள் தேடிவந்த ஆள் நானில்லை. கதவோரம் ஸ்பேனரோடு நின்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாளே, அவள்தான். தலைவரே, இப்போது சிரியுங்கள் பார்ப்போம்!

என்ன சொன்னீங்க நானா?

"அந்தப் புள்ளய என்னோட மேல வால்வுக்கு வரச் சொல்லு. நீ அந்தக் கைப்பிடியக் குடுத்துட்டு எறங்கு மகன்."

வறண்ட தொண்டையோடு கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். அம்மா, கொழும்புக்குப் பெட்டிய அடுக்குங்க.