நான் வாங்காத மீன்கள்

சின்னத் தொட்டிக்கு, பாசி தின்னட்டும் என்று சக்கர் மீன் வாங்கவே கூடாது, ஐயா. கடையில் பார்க்கும்போது விரல் நீளம்தான் இருக்கும்; பிறகு முழங்கை அளவுக்கு வளர்ந்து செடிகளை வேரோடு கிளப்பிவிடும். செடி வைத்த தொட்டிக்கு ஓட்டோ என்கிற குட்டி மீன்தான் சரி. இலையில் ஒட்டிக்கொண்டு பாசியை மட்டும் மேயும், யார் வம்புக்கும் போகாது. மீன்கடைக்காரர் இதையெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துவது என் வேலை. மயிரிழை விரிசல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. அப்பாவும் அம்மாவும் போனபோது தங்கை இன்னும் பள்ளிக்கூடத்தில்கூடச் சேரவில்லை, நான்தான் வளர்த்தேன். ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவதென்றால் அப்போதிலிருந்தே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அவள் வரத் தாமதமானால் கதவைத் திறக்காமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பேன். கல்யாணமான பிறகும் நான் அவளை அனுப்பவில்லை. மாப்பிள்ளையே எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். தங்கமான மனிதர். அந்த மீன்தொட்டி அவர் அவளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

பிறகு அவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. அடுத்த மாதம் கிளம்புகிறோம் என்று சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கைதான் என் முதுகைத் தடவினாள்.

"தொட்டிய உனக்கே விட்டுட்டுப் போறோம்க்கா. உனக்கு ஒரு துணையா இருக்கும். நீ ஒருத்தியா கண்ணாடியத் தேய்ச்சுக் கஷ்டப்படாத, பாசி தின்ற மீனா பாத்து நாலு வாங்கி விட்டுடு."

துணை என்றாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை, வெள்ளந்தி.

மறுநாளே மீன்கடைக்குப் போனேன். ஓட்டோ மீன்களைத் தேர்ந்தெடுத்தேன். கடைக்காரர் உடனே கொடுக்கவில்லை. தொட்டித் தண்ணீரைச் சூடாக்கும் கரண்ட் ஹீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு விரிசல். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் மீன் வாங்கத் திரும்பிப் போகவில்லை. மீன் வந்தால் பாசி போய்விடும். பாசி போனால் தொட்டிக்குள் யாரும் கைவிட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு தேய்ப்பார், எத்தனை முறை சொன்னாலும் ஹீட்டர் ஸ்விட்சை அணைக்க மாட்டார். கடையில் அந்த மீன் தீர்ந்துவிட்டதாம் என்று தங்கையிடம் சொன்னேன். சனிக்கிழமை மாலை ஸ்விட்சை அணைத்து, தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் கூடுதலாக ஊற்றினேன். மட்டம் விரிசலுக்கு மேலே ஏறியது. மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை.

அதற்குப் பிறகுதான் பயம் பிடித்தது. தொட்டி இருந்த கூடத்தைத் தங்கை கடந்து போனாலே நானும் பின்னாலேயே போனேன். மீனுக்குத் தீனி நானே போட்டுக்கொள்கிறேன், நீ கிட்டே போகாதே என்றேன். ஏன் என்றாள். தண்ணீர் கலங்கியிருக்கிறது என்றேன். "மூஞ்சியெல்லாம் வெளிறிப்போயிருக்கே. படுக்கா, நான் பாத்துக்கிறேன்," என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது தெரியுமா?

ஞாயிறு காலை நான் சமையலறையில் இருந்தேன். மாப்பிள்ளை வாளியையும் ஸ்பாஞ்சையும் எடுத்து வைப்பது கேட்டது. அதற்குள் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே மாடிப்படிக்குப் போய்விட்டார். பிறகு கூடத்து மேஜைமேல் ஏதோ கிணுங்கியது. இன்னொரு முறை கிணுங்கியது. தொட்டிக்குள் கைவிடும்போது நனையக் கூடாதென்று தங்கை வளையல்களைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். விட்டுவிடுங்கள், அவருக்கு ஒன்றும் தெரியாது. பயத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். வாயடைக்கவில்லை, ஐயா. கடைசி வளையல் அவள் கைக்கு இறுக்கம், சட்டென்று வராது. தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நின்றிருப்பாள், பிழைத்திருப்பாள், அடுத்த மாதம் அவரோடு கிளம்பிப் போயிருப்பாள்.

அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, அந்த வளையல் கழலும்வரை காத்திருந்தேன்.