ஞாயிற்றுக்கிழமை ஓட்டை

கெர்லின்டா: யோவ், கஞ்சாக் கன்னு மூணையும் ஏன்யா வெளிய எடுத்தே?

ஓட்மார்: தயிர் கப்புக்குள்ள வேர் சுத்திச் சுத்திச் சிக்கு விழுந்திருச்சுடி. இன்னிக்கே தொட்டிக்கு மாத்தலேன்னா குள்ளமாவே நின்னுரும்.

கெர்லின்டா: சரி... எந்தத் தொட்டிக்கு?

ஓட்மார்: இதோ, மூணு பீங்கான் தொட்டி. நேத்துதான் வாங்கினேன். நீலம் எப்படி இருக்கு?

கெர்லின்டா: ஜோரா இருக்கு. அடியில கைய வச்சுப் பாரு.

ஓட்மார்: ஐயோ, மூணுலயும் ஓட்டை இல்ல.

கெர்லின்டா: ஊத்துற தண்ணி எங்க போகும்? உன் காது வழியாவா? நாலு நாள்ல வேர் அழுகிடும்!

ஓட்மார்: பழைய கப்புலயே திரும்ப...

கெர்லின்டா: கப்பத்தான் கத்தரியால வெட்டிப் போட்டியே!

ஓட்மார்: வேர் அறுந்துடக் கூடாதேன்னு...

கெர்லின்டா: ஓடிப் போய் வேற தொட்டி வாங்கிட்டு வா.

ஓட்மார்: ஞாயித்துக்கிழமைடி. ஜெர்மனில இன்னிக்கு எந்தக் கடை திறக்கும்? ப்ரேமன் ஊர் முழுக்கப் பூட்டிக் கிடக்கு.

கெர்லின்டா: அப்ப துளை போடுற மிஷின எடு.

ஓட்மார்: இன்னிக்கா? ஞாயித்துக்கிழமை சத்தம் போடக் கூடாதுன்னு இங்க சட்டமே இருக்கே. கீழ் வீட்டு குவாஸ்ட் சும்மா விடுவாரா? போன ஞாயிறு நீ மிக்ஸி போட்டதுக்கே கதவுல சீட்டு ஒட்டினாரு. இதுக்குப் போலீஸையே கூப்பிடுவாரு.

கெர்லின்டா: தலைக்கு மூணு கஞ்சாச் செடி வச்சுக்கோன்னு சட்டமே சொல்லுது. ஓட்டை போட்டா மட்டும் போலீஸ். நல்ல நாடுய்யா!

ஓட்மார்: மேல வந்தாருன்னா செடியப் பாத்துருவாரே. கஞ்சான்னா முகம் சுளிப்பாருன்னு தக்காளின்னு சொல்லி வச்சிருக்கோம்...

கெர்லின்டா: சொன்னது நீ! படியில பாக்குறப்பல்லாம் "தக்காளி சௌக்கியமா"ன்னு கேக்குறாரு. சிரிப்ப அடக்குறதுக்குள்ள எனக்கு உசுரு போகுது.

ஓட்மார்: சிரிக்காத, வேர் காயுது. மூணு வாரமா கண்ணுக்குக் கண்ணா வளத்தேன்... எனக்கு அழுகையே வருது.

கெர்லின்டா: அது மேல அழு, ஈரமாவாவது இருக்கும். மணி என்ன?

ஓட்மார்: பத்தாகப் போகுது. ஏன்?

கெர்லின்டா: பத்துக்கு சர்ச் மணி அடிப்பாங்கல்ல? விடாம பத்து நிமிஷம்?

ஓட்மார்: அடிப்பாவி... கர்த்தருக்கே அடுக்காதுடி!

கெர்லின்டா: மிஷினப் பிடி. மணி நின்னா நீயும் நிறுத்தணும், சொல்லிட்டேன்.

ஓட்மார்: அடிக்குது! அடிக்குது! தொட்டியக் கவுத்துப் பிடி!

கெர்லின்டா: என்னது?

ஓட்மார்: பிடின்னேன்! ஒண்ணு ஆச்சு!

கெர்லின்டா: மெதுவா! விரிசல் விட்டுறப் போகுது!

ஓட்மார்: ரெண்டு... மூணும் முடிஞ்சுது! மண்ணப் போடு, மண்ணப் போடு!

கெர்லின்டா: நீயே அள்ளு. தண்டு, மொத இலைக்குக் கீழ வரைக்கும் புதையட்டும்... ஐயோ, அப்படிப் போட்டுக் குத்தாத! வேருக்கு மூச்சு விட இடம் வேணாமா?... ஓட்மார்! மணி நின்னுருச்சு. மிஷின நிறுத்துய்யா!

ஓட்மார்: என் ரெண்டு கையிலயும் மண்ணுடி. மிஷின அணைச்சாச்சு, அந்தா கிடக்கு.

கெர்லின்டா: அப்ப இந்தச் சத்தம்...?

ஓட்மார்: கீழ் பால்கனிலேருந்து வருது.

கெர்லின்டா: குவாஸ்ட் சார்! ஞாயித்துக்கிழமையும் அதுவுமா என்ன சார் சத்தம்?

குவாஸ்ட்: அது... ஒண்ணுமில்லம்மா... நானும் கொஞ்சம் தக்காளி வச்சிருக்கேன்... ஆமா, உங்க தக்காளிக்கும் இலை விரல் விரலாத்தான் விரியுதா?